ஐஸ் ஃபேக்டரியின் சிவப்பு அரைவட்டம்

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஐஸ் ஃபேக்டரிக்குப் போக வேண்டும் என்றால் இன்றைக்கும் ஆட்டோக்காரர்கள் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய் விடுவார்கள். இறக்கிவிடும் இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கும். அங்கே ஐஸ் நின்றுபோய் ஒரு தலைமுறை ஆகிறது. ஐஸ் நின்ற பிறகு அந்தக் கொட்டகையில் நாங்கள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஹாக்கி ஆடினோம் என்று மண்டபத்து மேனேஜரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இப்போதைய என் உடம்பை வைத்துக்கொண்டு நம்பச் சொன்னால் கஷ்டம்தான்.

எங்கள் நைனா நகரிக்காரர். விசைத்தறிக் குடும்பம். அண்ணன் தம்பிகளுக்குள் தறி போதவில்லை. மோட்டாரும் பெல்ட்டும் பழகிய கையோடு சித்தூருக்கு வந்து ஐஸ் ஃபேக்டரியில் கம்ப்ரசர் ஓட்டும் வேலையில் சேர்ந்துவிட்டார். ஃபேக்டரிக்குப் பின்னாலேயே எங்களுக்கு வீடு. அக்காவும் நானும் அந்தக் கம்ப்ரசர் சத்தத்தில்தான் தூங்கி எழுந்தோம். மாதம் ஒரு முறை நகரிக்குப் போய்வரும்போது நைனா ஒரு மூட்டை வேஸ்ட் கொண்டுவருவார். வேஸ்ட் என்றால் தறியில் மிஞ்சிப்போகும் நூல் சிக்கு. மெஷின் துடைக்க அதைவிட நல்ல பொருள் உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி. அந்த மூட்டை இந்தக் கதையில் கடைசிவரை வரும்.

எல்லாம் முதலாளியால் வந்தது. அவருடைய மகன் ஏதோ ஒரு பனி நாட்டில் படித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கப் போன மனுஷன், ஊர் சுற்றிப் பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு காட்சியைத் தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். பெரிய கொட்டகையாம். உள்ளே தரை முழுக்க ஐஸாம். கத்தி வைத்த ஷூ போட்டுக்கொண்டு ஆட்கள் ஒரு கறுப்பு வில்லையை விரட்டி விரட்டி அடிக்கிறார்களாம். நைனாவைக் கூப்பிட்டு, "மன தக்கர லேனி ஐஸா?" என்று கேட்டிருக்கிறார். நம்மிடம் இல்லாத ஐஸா என்று அர்த்தம். நியாயமான கேள்விதான்.

அடுத்த மார்கழியில் ஒரு விடிகாலை அதைச் செய்தே விட்டார்கள். கட்டி ஐஸை உமி போட்டு அடுக்கி வைக்கும் பெரிய கொட்டகையைக் காலி செய்து, கதவையெல்லாம் சாத்தி, தரை முழுக்க ஐஸ் கட்டிகளைப் பாய் விரித்த மாதிரி பரப்பினார்கள். கட்டிக்கும் கட்டிக்கும் நடுவில் இடைவெளி. அதில் உடைத்த ஐஸைப் போட்டு நிரப்பினார்கள். அது உருகாமல் இருக்க என்ன செய்வது? ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் ரத்தத்தில் ஊறியிருக்கும். தொட்டித் தண்ணீரில் உப்பைக் கொட்டினால்தான் குளிர் ஏறும். அந்த நம்பிக்கையில் மூட்டை மூட்டையாக உப்பைப் பிரித்துத் தரையில் தூவிவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் சும்மா விட்டிருப்பார்கள், மத்தியானம் வரையாவது தாங்கியிருக்கும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பார்கள். எங்கள் முதலாளி உப்பைத் தூவிவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்றார்.

எனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். பாவாடை நனைந்து விறைத்துப்போனதும், அக்கா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வழுக்கி வழுக்கிச் சிரித்ததும் நினைவிருக்கிறது. தெருவே பாத்திரத்தோடு வந்து ஐஸை அள்ளிக்கொண்டு போனது. வாயில் போட்டவர்களெல்லாம் உப்புக் கரிக்கிறது என்று துப்பினார்கள். சித்தூரின் முதலும் கடைசியுமான ஐஸ் ஹாக்கி மைதானம் அவ்வளவு நேரம்தான் இருந்தது. அதில் ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை.

முதலாளி சோர்ந்துபோகிற ஆள் இல்லை. கடைக்குக் கடை ஃப்ரிட்ஜ் வந்து, கட்டி ஐஸை வாங்க ஆள் இல்லாமல் ஃபேக்டரி படுத்தபோது, அதே கொட்டகைக்குச் சிமெண்ட் தரை போட்டார். கண்ணாடியாகத் தேய்த்த தரை. இரண்டு பக்கமும் கோல் கம்பத்துக்கு முன்னால் சிவப்புக் காவியில் ஒரு அரைவட்டம். ஐஸ் இல்லாவிட்டால் என்ன, சக்கரம் இருக்கிறதே என்று எங்கிருந்தோ நான்கு சக்கர ஷூக்களை வரவழைத்தார். கட்டணம் கிடையாது. ஒரே ஒரு சட்டம்தான்: தரையைத் துடைப்பவர்கள் ஆடலாம். அரிசியளவு கல் கிடந்தாலும் சக்கரம் சிக்கி ஆள் குப்புற விழுவான். அதனால் நைனாவின் வேஸ்ட் மூட்டையைப் பிரித்து, ஆளுக்கு ஒரு கைப்பிடி ஈரமாக்கி, மண்டி போட்டு வரிசையாகத் துடைப்போம். வீட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாத பெண்களெல்லாம் அங்கே தரை துடைத்ததைப் பார்த்து அம்மாக்கள் வயிறெரிந்தார்கள்.

அக்கா கோல்கீப்பர். கதவைத் திறந்ததும் வலதுபக்கம் இருக்கும் அரைவட்டம்தான் அவளுடையது. பாதி ஆட்டத்தில் இடம் மாறத்தான் வேண்டும், ஆனால் அவள் மனசு அந்தப் பக்கம்தான். தேங்காய்நார் மெத்தையை வெட்டி நைனா தைத்துக் கொடுத்த பேடுகளைக் காலில் கட்டிக்கொண்டு அவள் குந்தி நின்றால், அந்தக் கெட்டி ரப்பர் பந்து உள்ளே போக வழி தேடித் தவிக்கும். நான் முன்னால் ஆடுகிறவள். பயிற்சியில் அவளுக்கு எதிராக எத்தனை பந்து அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. "இன்னாடி பாத்துக்கினு கீற, அடி" என்பாள். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். கோபத்தில் அடித்தால் குறி தப்பும். அது தெரிந்துதான் சொல்வாள்.

திருப்பதியிலிருந்து ஒரு டீம் வரும். அவர்களில் யாராவது ஒருத்தி எப்போதும் மொட்டைத் தலையோடு இருப்பாள். பரீட்சைக்கோ, வீட்டில் யாருடைய உடம்புக்கோ வேண்டுதல். முடி போன தலையில் ஹெல்மெட் லொடலொடக்கும். எங்கள் வேஸ்டைத்தான் உள்ளே அடைத்துக் கொடுப்போம். எதிராளிக்கு உதவி செய்துவிட்டு அவர்களிடமே தோற்றும் இருக்கிறோம்.

அக்கா டிகிரி முடித்த வருஷம், ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டுப் பேடுகளை ஆணியில் மாட்டினாள். அடுத்த வாரம் நாயுடுபேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பிடித்துப்போனது. தை பிறந்ததும் கல்யாணம். மாமா நல்ல மனிதர், நெடுஞ்சாலையில் லாரி உதிரிப்பாகக் கடை. அக்காவை யாரும் ஆடாதே என்று தடுக்கவில்லை. நாயுடுபேட்டையில் ஆடுவதற்குத் தரை இல்லை, அவ்வளவுதான். பிறகு குழந்தைகள், பிறகு மாமியார் படுக்கையில், பிறகு முழங்கால் வலி. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் சக்கரம் கட்டவே இல்லை.

அதைப் பற்றி அவள் புலம்பி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை போனில் சொன்னாள். "அது கடைசின்னு எனக்குத் தெரியாதுடி. தெரிஞ்சிருந்தா கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு வந்திருப்பேன்." நான் கல்யாணத்துக்குப் பிறகும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தவள். திருப்பதியில் வேலை கிடைத்து வீடு மாறிய பிறகும் ஞாயிறானால் பஸ் ஏறி வருவேன். அவளிடம் அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கும்.

முதலாளி போனார். நைனாவும் போனார். கொட்டகையை விற்றுவிட்டோம், மண்டபம் கட்டப் போகிறார்கள் என்று முதலாளியின் மகன் எங்கள் டீம் வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது, தசராவுக்கு ஒரு வாரம் இருந்தது. இடிப்பு எப்போது என்று அவனுக்கும் தெரியவில்லை. பண்டிகைக்கு எல்லோரும் ஊருக்கு வருவோமே, விஜயதசமி அன்று காலையில் கடைசியாக ஒரு ஆட்டம் ஆடிவிடலாம் என்று முடிவு செய்தோம். நான் அக்காவுக்குப் போன் போட்டேன். முழங்கால், மூட்டு என்று இழுப்பாள் என்று நினைத்தேன்.

"ஆடறதுக்கு இல்லடி, நிக்கறதுக்கு வரேன்" என்றாள். "கடைசின்னு தெரிஞ்சி ஒரு தடவ அங்க நிக்கணும்."

ஆயுதபூஜை அன்று மத்தியானம் நாயுடுபேட்டை பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கினாள். என் பரணில் வருஷக்கணக்காகத் தூங்கிய அவளுடைய ஷூக்களைத் துடைத்து எண்ணெய் போட்டு நான் கொண்டுவந்திருந்தேன். சாயங்காலம் கொட்டகையைக் கழுவித் துடைத்தோம். வந்தவர்கள் எல்லோருடைய ஷூ, மட்டை, ஹெல்மெட், அக்காவின் பேடு, எல்லாவற்றையும் சுவரோரமாக வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலை படைத்தோம். பூசணிக்காய் சுற்றி வாசலில் உடைத்தோம். நைனா இருந்தவரை கம்ப்ரசருக்கு நடந்த பூஜை அது, ஃபேக்டரி படுத்த பிறகு எங்கள் சக்கரங்களுக்கு இடம் மாறியிருந்தது.

தறிக் குடும்பங்களில் இந்த ஒரு நாள் கறார். பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை தொடக்கூடாது. நகரியில் ஊரே அன்றைக்குச் சத்தமில்லாமல் கிடக்கும். சின்ன வயதில் பூஜையில் வைத்த பென்சிலை எடுத்து நான் வாங்கிய அடி எனக்குத்தான் தெரியும்.

மற்றவர்கள் போய்விட்டார்கள். நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். தரை ஈரம் காய்ந்து பளபளவென்று கிடந்தது. மேல் ஜன்னல் வழியாக வெயில் சரியாக அவளுடைய அரைவட்டத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"ஒரே ஒரு ரவுண்டு போடுக்கா" என்றேன்.

"பைத்தியமாடி ஒனக்கு? சாமிக்கு வெச்சிட்டோம்."

"யாரு பாக்கறா?"

"நைனா பாப்பாரு" என்று சொல்லிச் சிரித்தாள். ஆனாலும் குனிந்து, தன் ஷூவின் சக்கரம் ஒன்றை விரலால் தட்டிவிட்டாள். அது சுற்றியது. எண்ணெய் போட்ட சக்கரம், நின்றுபோக வெகுநேரம் ஆனது. நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கி காத்தால மறுபூஜ ஆவட்டும். எங்க போயிடப் போவுது."

நாங்கள் கற்பூரமும் தேங்காயுமாக மறுநாள் காலையில் போனபோது, தெருமுனையிலேயே ஜேசிபி சத்தம் கேட்டது.

வாழைக்கன்று கட்டிய ஜேசிபி. கரண்டியின் பல் ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டு. மண்டபம் கட்டப் போகிறவர் பட்டு வேட்டியில், அவர் மனைவி பூவும் தாம்பாளமுமாக, பக்கத்தில் புரோகிதர். விஜயதசமி அன்று தொட்டது துலங்கும் என்று யாருக்குத்தான் தெரியாது? புரோகிதர் முந்தின நாள் இரவுதான் நேரம் குறித்துக் கொடுத்தாராம். இதை விட்டால் அடுத்த நல்ல நாளுக்குத் தள்ளிப்போட வேண்டுமாம். வேலையைத் தொடங்குவது வடகிழக்கில், ஈசானிய மூலையில்தான். சுவரை உடைத்து, கரண்டியை உள்ளே விட்டு, ஒரே ஒரு வாரு வாரியிருந்தார்கள். கொட்டகையின் ஈசானிய மூலையில் இருந்தது அக்காவின் அரைவட்டம். இடுப்பளவு பள்ளம். அள்ளிப் போட்ட மண்ணில் சிவப்புத் துண்டுகள் கிடந்தன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையைக் காதால்தான் கேட்டிருக்கிறேன், அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் ஷூக்களையெல்லாம் ஒரு பாயில் வைத்துப் பூவோடு அப்படியே தூக்கி வெளியே வேப்பமரத்தடியில் வைத்திருந்தார்கள். ஒரு குங்குமப் பொட்டுகூட அழியவில்லை. அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. எட்டி உதைத்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

வசதி இல்லாமலேயே நான் சண்டை போட்டேன். தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கத்தினேன். அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டு, "மாக்கு தெலியதம்மா" என்றார். எங்களுக்குத் தெரியாது அம்மா என்று. பொய் சொல்லவில்லை, யார் அவருக்குச் சொன்னார்கள்? ஜேசிபி டிரைவர் இறங்கி வந்து, "நேத்து பூஜ போட்ட வண்டிதான்க்கா. விடிகாலைலயே மறுபூஜ முடிச்சிட்டு எடுத்தாந்துட்டேன்" என்றான். எங்களுக்கு முன்னால் அவன் எழுந்துவிட்டான். அதில் அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்கா பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். திரும்பி அந்த மனிதரிடம், "இன்னிக்கி இன்னும் தோண்டுவீங்களா?" என்று கேட்டாள்.

இன்றைக்குச் சாங்கியத்துக்குத்தான், லாரியோடு நாளைக்குத்தான் வருவோம், சாப்பாட்டு நேரம்வரை நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்றார் அவர்.

வேப்பமரத்தடியிலேயே கற்பூரம் காட்டி மறுபூஜையை முடித்தோம். தரை முழுக்கச் சிமெண்ட் தூள், கல், மண். ஆட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. அக்கா மூலையில் கிடந்த வேஸ்ட் மூட்டையை இழுத்துவந்து பிரித்தாள். மண்டி போட முடியாதவள் காலை நீட்டி உட்கார்ந்து, கைக்கெட்டியவரை துடைத்துவிட்டு, நகர்ந்து நகர்ந்து மேலும் துடைத்தாள். அப்புறம் நாங்கள் சும்மா நிற்க முடியுமா? நரைத்ததும் பருத்ததுமாக எல்லோரும் இறங்கினோம். முழுத் தரையும் ஆகவில்லை. நடுவட்டத்திலிருந்து பள்ளம்வரை ஒரு நீளப் பட்டை மட்டும் சுத்தமானது.

அக்காவுக்கு நான்தான் ஷூ கட்டிவிட்டேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அதன்மேல் பேடு கட்டிக்கொண்டாள். இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு போனாள், பிறகு கையை விட்டுவிட்டாள். உருண்டு போய்ப் பள்ளத்தின் விளிம்புக்கு ஒரு முழம் முன்னால், அரைவட்டம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், திரும்பிக் குந்தினாள். முழங்கால் வலியில் முகம் சுருங்கியது. பள்ளம்தான் கோல்.

"இன்னாடி பாத்துக்கினு கீற, அடி" என்றாள்.

அடித்தேன். தடுத்தாள். மறுபடி அடித்தேன், மறுபடி தடுத்தாள். அழுகையில் கண் மறைத்ததால் என் குறி தப்பியது என்று நான் சொன்னால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். மண்டபக்காரர் குடும்பம் தாம்பாளத்தோடு நின்று வேடிக்கை பார்த்தது. டிரைவர் விசிலடித்தான். கடைசியில் ஒரு பந்து அவள் பேடுக்கும் கைக்கும் நடுவில் புகுந்து பள்ளத்தில் விழுந்தது. எடுக்க யாரோ ஓடினார்கள். அக்கா வேண்டாம் என்று கை காட்டினாள். அங்கேயே நின்று கொட்டகையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள், கூரை, ஜன்னல், எதிர்ப்பக்கத்துக் கம்பம், எல்லாவற்றையும். பிறகு "போதும்" என்றாள்.

அன்றைக்கு என் கவனம் முழுவதும் அவள்மேல்தான். அவள் விழுந்துவிடக் கூடாது, அவள் ஆசை தீர வேண்டும். ஷூவைக் கழற்றிப் பையில் போட்டேன், பஸ்ஸுக்கு நேரமாயிற்று, திருப்பதிக்கு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை வந்தபிறகுதான், எனக்கும் அதுதான் கடைசி என்று உறைத்தது. நான் சுற்றிப் பார்க்கவே இல்லை. பையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தரைக்கு இன்றுவரை ஏங்குகிறேன். திருப்பதி மாலில் சக்கரம் ஓட்ட இடம் இருக்கிறதாம், என் பொண்ணு கூப்பிடுகிறாள். எனக்குப் போகத் தோன்றவில்லை.

போன மாசி மாதம் எங்கள் பெரியப்பா பேரனின் கல்யாணம் அதே மண்டபத்தில் நடந்தது. பளிங்கு மாதிரி டைல்ஸ், முகம் தெரிகிறது. ஈசானிய மூலையில் பெரிய வாசல், அங்கேதான் பன்னீர் தெளித்துக் கற்கண்டு கொடுக்கிறார்கள். சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்த நேரம், கூடம் காலி. தாம்பூலப் பையோடு நான் மேடைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தேன். அக்கா பட்டுச்சேலையில் வாசலுக்கு முன்னால் நின்றிருந்தாள். அவள் எங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் எங்கே வந்து நின்றிருக்கிறேன் என்று அவளுக்கும் தெரிந்தது. காலை அகட்டி, முடிந்தவரை குனிந்தாள்.

"இன்னாடி பாத்துக்கினு கீற" என்றாள்.

தாம்பூலத் தேங்காய் மங்கலப் பொருள், அதைத் தரையில் உருட்டக் கூடாது. வீட்டுக்கு எடுத்துப்போய் நாளைக்குச் சாமிக்கு உடைக்க வேண்டும். நாளைக்கு என்று நினைத்ததுமே பையிலிருந்து தேங்காயை எடுத்துவிட்டேன். அடிப்பதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று, கூரையையும் ஜன்னலையும் நான்கு சுவரையும் சுற்றிப் பார்த்தேன். முன்பு அங்கே இருந்தது எதுவும் இப்போது இல்லை. ஆனாலும் பார்த்தேன். அக்கா அவசரப்படுத்தவில்லை, குனிந்த முதுகு வலித்தாலும் காத்திருந்தாள்.

பிறகு உருட்டினேன்.